நடந்து எட்டும் நிழல்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள்முதல் சிவாலயங்களில் சிவலிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் தொங்கவிடப்பட்டிருப்பதை அன்பர்கள் பலரும் தரிசித்திருப்பீர்கள். அடியில் சிறு துளையிட்ட கலசத்திலிருந்து வெட்டிவேர் முதலிய நறுமணப் பொருள்கள் ஊறிய நீர் துளித்துளியாக இறைவன் திருமுடியில் விழுந்துகொண்டே இருக்கும். வைணவத் திருத்தலங்களில் வசந்த உற்சவம் நடைபெறும். நீர் சூழ்ந்த மண்டபத்தில் பெருமாள் எழுந்தருளி இளைப்பாறுவார். கடுங்கோடையில் குளிர்ச்சி அளிப்பதை ஓர் உபசாரமாகவே நம் முன்னோர் கருதினர். அந்த உபசாரத்தை அவர்கள் கருவறையோடு நிறுத்திக் கொள்ளவில்லை. வழி நடப்பவர்க்கும் சுமை தூக்குபவர்க்கும் அதனைச் செய்து வைத்தனர்.

இன்று நம் நகரங்களில் வெப்ப அலை வீசும் நாட்களில், குளிர்ந்த இடம் ஒன்றை எல்லோரும் நடந்தே சென்று அடைய முடிகின்றதா? முடியாதெனில் தடையாக நிற்பது எது? இவ்விரு வினாக்களையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

வெப்ப அலையும் உடலும்

சமவெளிப் பகுதியில் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, அவ்விடத்தின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருந்தால் அதனை வெப்ப அலை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வரையறுக்கின்றது. கடலோரப் பகுதிகளுக்கு இவ்வெல்லை 37 டிகிரி ஆகும். கடலோரத்துக்கு அளவைக் குறைத்திருப்பதில் பொருள் உண்டு. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை உலராமல் வழிந்து வீணாகும். ஆகையால் மதுரையில் 40 டிகிரி செய்யும் கொடுமையைச் சென்னையும் நாகப்பட்டினமும் அதனினும் குறைந்த அளவிலேயே அனுபவிக்கின்றன.

சென்னையைப் பொறுத்தவரை நண்பகலில் வீசத் தொடங்கும் கடற்காற்றே பெருந்துணை. அது காலந்தாழ்த்தி வரும் நாளில் நகரம் கொதிக்கும். 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

வெப்பம் ஏறும்போது குருதியைத் தோலின் பக்கம் செலுத்தி உடலைக் குளிர்விக்க இதயம் விரைந்து உழைக்கின்றது. இளைஞருக்கு இது களைப்பு. முதியவருக்கும் இதய நோயாளிக்கும் இது பெருஞ்சுமை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சிறுநீரக நோயுள்ளவர்கள், வெயிலில் நின்று உழைப்பவர்கள் ஆகியோரும் எளிதில் பாதிக்கப்படுகின்றனர். தகரக் கூரையும் கல்நார்த் தகட்டுக் கூரையும் வேய்ந்த வீடுகளில் வாழ்வோரின் நிலை இன்னும் கடினமானது. பகலெல்லாம் காய்ந்த கூரை மாலையில் வீட்டுக்குள்ளேயே அனல் வீசும். இரவிலும் உடலுக்கு ஓய்வில்லை. இப்படி இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்தால் உயிருக்கு ஆபத்து மிகுகின்றது.

இதற்கு மாற்று எளியதே. நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரமாவது குளிர்ந்த இடத்தில் இருந்தால் உடல் தேறிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. வீட்டில் குளிர்சாதனம் உள்ளவர் அந்த இடத்தைத் தேடி எங்கும் செல்ல வேண்டுவதில்லை. இல்லாதவரே தெருவில் இறங்கி நடக்க வேண்டும். குளிர்ச்சி யாருக்கு மிகவும் தேவையோ அவரே அதற்காக வெயிலில் நடக்க வேண்டியிருக்கின்றது. இந்த முரணை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கல் மண்டபம் குளிர்வது எவ்வாறு?

வெளியே வெயில் தகிக்கும்போதும் ஆயிரங்கால் மண்டபத்தினுள் நுழைந்தவுடன் உடல் சிலிர்ப்பதை நாம் உணர்கின்றோம். கருங்கல் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே சூடாறும். தடித்த சுவரும் பாரமான மேற்கூரையும் பகல் வெப்பத்தை உள்ளே விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உயர்ந்த விதானத்தின்கீழ் சூடான காற்று மேலே தங்கிவிட, தூண்களின் இடையே காற்றோட்டம் தடையின்றி நிகழ்கின்றது. அருகில் திருக்குளமும் நந்தவனமும் இருந்தால் அவற்றைத் தழுவி வரும் காற்று மேலும் குளிர்ந்திருக்கும். மின்சாரம் இன்றியே இவையனைத்தும் நடைபெறுகின்றன.

அதே கருங்கல் திறந்த வெளியில் கிடந்தால் நேர்மாறு. நேர் வெயில் பட்ட பிராகாரத் தளம் பாதத்தைப் பொசுக்கிவிடும். இதனாலேயே பல திருக்கோயில்களில் கோடைக்காலத்தில் தேங்காய் நார் விரிப்புகள் இடப்படுகின்றன. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுப் பாதைகளும் அமைக்கப்படுகின்றன. பிராகாரத்தில் நாற்பது அடி நடப்பதற்கு இவ்வளவு கவனம் செலுத்தும் நாம், அந்தப் பிராகாரத்தை வந்தடைய ஒருவர் நடக்கும் நானூறு மீட்டர் தெருவைப்பற்றி அதே அளவு சிந்திப்பதில்லை.

எவ்வளவு தூரம் தூரமாகும்?

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரம் இக்கேள்விக்கு ஓர் அளவுகோலை வகுத்தது. நூலகம், அருங்காட்சியகம், சமுதாயக் கூடம், பள்ளி முற்றம், பூங்கா எனத் தன் வசமுள்ள இடங்களையே வெப்பப் புகலிடங்களாக அந்நகராட்சி அறிவித்தது. 2020-ஆம் ஆண்டு கோடையில் சுமார் 70 இடங்களோடு தொடங்கிய அவ்வமைப்பு 2024-இல் 300-ஐத் தாண்டியது. எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் பத்து நிமிட நடைக்குள் ஒரு புகலிடம் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நோக்கம். உள்ளே அமர இருக்கையும் குடிக்க நீரும் இருக்கும்; அதற்குக் கட்டணம் இல்லை. புதிதாக மாளிகை எழுப்பாமல், இருப்பதைத் திறந்து விட்டதே இதன் சிறப்பு. ஆயினும் அங்கும் ஒரு குறை எழுந்தது. அவற்றுள் பல ஞாயிற்றுக்கிழமைகளிலும், விடுமுறை மாதமாகிய ஆகஸ்டிலும் பூட்டிக் கிடந்தன. வெயிலுக்கு விடுமுறை கிடையாதே என்று மக்கள் கேட்டனர்.

பத்து நிமிடம் என்பது யாருடைய பத்து நிமிடம் என்பதையும் பார்க்க வேண்டும். நலமுள்ள ஒருவர் ஐந்து நிமிடத்தில் சுமார் 400 மீட்டர் நடந்துவிடுவார். முழங்கால் வலியுள்ள மூதாட்டி, நடுவே இரண்டிடத்தில் நின்று மூச்சு வாங்கிச் செல்லும்போது அதே தூரம் கால் மணி நேரமாக நீளும். இடுப்பில் குழந்தையும் கையில் பையும் கொண்ட தாய்க்கும் அவ்வாறே. வரைபடத்தில் வட்டம் போட்டு, "இந்த வட்டத்துக்குள் இருப்போர் அனைவருக்கும் நிழல் உண்டு" என்று கணக்கிடுவது எளிது. நடுவில் நான்கு வழிச் சாலையோ, இருப்புப்பாதையோ, கூவம் போன்ற ஆறோ குறுக்கிட்டால் நூறு மீட்டர் தொலைவில் கண்ணுக்குத் தெரியும் மண்டபத்தை அடைய ஒரு கிலோமீட்டர் சுற்ற நேரும். பறவைக்கு உரிய தூரம் வேறு, பாதசாரிக்கு உரிய தூரம் வேறு.

முன்னோர் அளந்த வழிநடை

நடப்பவரின் களைப்பை அளவாகக் கொண்டு இளைப்பாறும் இடங்களை அமைத்தவர்கள் நம்மவர். கிராமத்துச் சாலையோரங்களில் இன்றும் காணப்படும் சுமைதாங்கிக் கல்லை நினைத்துப் பாருங்கள். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கவும், மீண்டும் ஏற்றிக் கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது இருக்கும். கருவுற்ற நிலையில் காலமான பெண்ணின் நினைவாக அக்கல்லை நடுவது வழக்கம். சுமையை இறக்க முடியாமலே மறைந்தவளின் பெயரால், நடந்து செல்பவரின் சுமையை இறக்க வழிசெய்த அந்த மனத்தை என்னென்பது!

தண்ணீர்ப் பந்தல் இதனினும் பழமையானது. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் நாயனார், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயராலேயே தண்ணீர்ப் பந்தலும் குளமும் சோலையும் அமைத்ததைப் பெரிய புராணம் கூறுகின்றது. தலயாத்திரையாக நடந்து வந்த அப்பரடிகள் அந்தப் பந்தலில் தம் திருப்பெயர் எழுதியிருப்பதைக் கண்டே அப்பூதியடிகளைத் தேடிச் சென்றார். அன்பின் பெருமையையே இவ்வரலாற்றில் நாம் போற்றுவது வழக்கம். பந்தல் இருந்த இடத்தையும் சற்றே கவனிக்கலாம். அது அடிகளின் வீட்டு முற்றத்தில் இல்லை; முதியவர் ஒருவர் நடந்து வரும் பாதையில் இருந்தது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கும், வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில் நீர் வார்ப்பதற்கும் நிலமும் நெல்லும் பொன்னும் அளித்த செய்திகள் பலவுண்டு. நீர் கொண்டு வந்து வார்ப்பவருக்கு உரிய கூலி இத்தகைய தருமங்களில் தனியே ஒதுக்கப்பட்டது. இன்று நாம் இதனைக் கூர்ந்து நோக்குதல் நலம். ஏப்ரல் மாதத்தில் தெருவுக்குத் தெரு பந்தல் போடப்படுகின்றது. முதல் நாள் மோரும் தர்ப்பூசணியும் வழங்கிப் படம் எடுத்துக் கொள்கின்றோம். பத்தாம் நாள் பானை காலியாக, குவளை சங்கிலியில் தொங்கிக் கொண்டிருக்கும். பானையை நிரப்ப ஓர் ஆளை நியமித்து அவருக்குக் கூலி வழங்காத பந்தல் கத்திரி முடியும்வரை தாங்குவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை அறிந்து கல்லில் வெட்டி வைத்திருக்கின்றனர்.

மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த புகழ் இன்றும் பேசப்படுகின்றது. மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் இருக்கின்றது.

நகர் முழுவதும் நடை நிழலாக மாறும் காட்சியைக் காண விரும்புவோர் சித்திரைத் திருவிழாவில் மதுரைக்குச் செல்லலாம். அழகர்கோயிலிலிருந்து வைகைக்குக் கள்ளழகர் எழுந்தருளும் சுமார் 20 கிலோமீட்டர் வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் உள்ளன. சுவாமி ஒவ்வொரு மண்டபமாக நின்று நின்று வருகின்றார். அவரோடு நடக்கும் மக்களும் நின்று நின்றே வருகின்றனர். வழியெங்கும் பானகமும் நீர்மோரும் விசிறியும் தரப்படுகின்றன. தோல் பையில் நிரப்பிய நீரை அடியார்கள் பீய்ச்சி அடித்துக் குளிர்விக்கின்றனர். சித்திரை மாத வெயிலில் இலட்சக்கணக்கானோர் நடக்கும் நகரத்தை எவ்வாறு அமைக்க வேண்டும் என்பதை மதுரை மக்கள் அறிவார்கள். திருவிழா முடிந்த மறுநாள் அதே சாலையில் தனியே நடக்கும் பூக்காரம்மாவுக்கு அந்த நிழல் இருப்பதில்லை என்பதே வருத்தம்.

வழியே வெயிலாக இருந்தால்

குளிர்ந்த இடம் பக்கத்திலேயே இருந்தும் பயன்படாமற்போவதற்கு முதற்காரணம் இடைப்பட்ட தெரு. நேர் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறி 60 டிகிரியையும் தொடும். நடப்பவரை மேலிருந்து சூரியனும் கீழிருந்து சாலையும் பக்கத்திலிருந்து சுவரும் ஒருசேரச் சுடுகின்றன. ஒரு வேப்ப மரமோ புங்க மரமோ இவற்றுள் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இலைகள் நீராவியை வெளியிட்டுச் சுற்றுக் காற்றையும் குளிர்விக்கின்றன. தகரப் பந்தலின் நிழலுக்கும் மரத்தின் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை நின்று பார்த்தவர் அறிவர். தகரம் தானே சூடேறித் தலைக்குமேல் அனலைப் பொழியும்.

நடைபாதையில் தடையின்றி நடப்பதற்கு உரிய அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து செல்ல அந்த அகலம் வேண்டும். நம் ஊர் நடைபாதைகளில் மின்மாற்றிப் பெட்டியும் விளம்பரத் தூணும் நிறுத்திய வண்டிகளும் போக எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை யாவரும் அறிவோம். இங்கு ஒன்று சொல்ல வேண்டும். நடைபாதை நெரிசல் என்றதும் முதலில் அகற்றப்படுபவர் குடைபிடித்து அமர்ந்திருக்கும் சிறு வியாபாரிதான். நிறுத்திய கார் அகற்றப்படுவதில்லை. சிறு வியாபாரியோ தாமும் வெயிலில் வாடுபவர்; அவர் விற்கும் மோரும் நுங்கும் நடப்பவருக்கு மருந்து; அவர் அங்கே இருப்பதே தெருவுக்குக் காவல்.

காவல் என்றது மிகையன்று. 1995-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் தனித்து வாழ்ந்த முதியோர். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 2002-இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்தடுத்து அமைந்த வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என்னும் இரு பகுதிகளை அவர் ஒப்பிட்டார். இரண்டும் ஏழ்மை மிகுந்தவை. இரண்டிலும் தனித்து வாழும் முதியோர் உண்டு. அன்று அடித்த வெயிலும் ஒன்றே. எனினும் வடக்குப் பகுதியில் இறப்பு விகிதம் தெற்கைப்போல் பத்து மடங்கு இருந்தது. தெற்கில் கடைகளும் நடமாட்டமும் நிறைந்த தெருக்கள் இருந்தமையால் முதியோர் துணிந்து வெளியே வந்து, குளிரூட்டிய கடைகளில் சற்று நேரம் தங்கித் திரும்பினர். வடக்கிலோ கடைகள் மூடி, வீடுகள் கைவிடப்பட்டு, தெருவில் இறங்கவே அச்சம் நிலவியது. கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள் உயிரிழந்தனர். அவர்களைக் குளிர்ந்த இடத்திலிருந்து பிரித்தது ஆளற்ற தெரு என்பது அவர் கண்ட முடிவு.

கதவும் நேரமும்

தெருவைக் கடந்து வந்தாயிற்று, கதவு திறந்திருக்கின்றதா? நம் திருக்கோயில்கள் பெரும்பாலானவற்றில் நண்பகல் 12 அல்லது 12.30 மணிக்கு நடை சாத்தி, மாலை 4 மணிக்குத் திறக்கின்றனர். பல ஊர்களில் பூங்காக்களும் காலையிலும் மாலையிலும் மட்டுமே திறக்கப்படுகின்றன. வெயில் உச்சத்தில் இருப்பதும் அந்த நான்கு மணி நேரத்தில்தான். ஊரிலேயே மிகக் குளிர்ந்த கட்டடமும், ஊரிலேயே மிக அடர்ந்த நிழலும் மிகவும் வேண்டிய வேளையில் பூட்டியிருக்கின்றன.

நடை சாத்துவதற்கு உரிய காரணங்களை மறுப்பதற்கில்லை. ஆகம முறைப்படி இறைவனுக்கு உச்சிக்காலத்துக்குப் பின் ஓய்வு உண்டு. விடியற்காலையிலிருந்து பணியாற்றிய அர்ச்சகர்களுக்கும் பரிசாரகர்களுக்கும் ஓய்வு வேண்டும். திருமேனிகளுக்கும் நகைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் இவை அனைத்தும் சன்னதிக்கும் உட்பிராகாரத்துக்கும் உரியவை. இராஜகோபுரத்துக்கு வெளியே உள்ள மண்டபம், கோபுர வாயிலின் திண்ணை, திருக்குளத்தின் நிழல்படிந்த படிக்கட்டு, திருமண மண்டபம் ஆகியவற்றை நண்பகலில் திறந்து வைப்பதால் வழிபாட்டுக்கு இடையூறு நேராது. "உறங்குவார்கள், குப்பை போடுவார்கள்" என்ற அச்சம் எழலாம். ஒரு காவலரும் ஒரு குப்பைக் கூடையும் இருந்தால் அது தீரும். களைத்தவர் மண்டபத்தில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதில் என்ன குற்றம் இருக்கின்றது? மண்டபம் கட்டியவர்கள் அதற்காகவும்தானே கட்டினார்கள்.

2002-ஆம் ஆண்டு திருக்கோயில்களில் தொடங்கப்பட்ட நண்பகல் அன்னதானத் திட்டம் இங்கு ஒரு நல்ல வழியைக் காட்டுகின்றது. வெயில் உச்சியில் ஏறும் அதே வேளையில் திறக்கும் கூடம் அது. கூரை, இருக்கை, குடிநீர், கைகழுவும் குழாய் யாவும் அங்கே உள்ளன. இலை எடுத்துத் தளத்தைத் துடைத்தபின் அக்கூடத்தைப் பூட்டாமல் மாலை 4 மணிவரை இளைப்பாறுவோருக்கு விட்டுவைத்தால், புதிய கட்டடத்துக்குக் காசு செலவிடாமலே ஒரு வெப்பப் புகலிடம் கிடைத்துவிடும்.

கழிப்பறையைப்பற்றியும் கூசாமல் சொல்ல வேண்டும். அருகில் கழிப்பறை இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கின்றனர். வீட்டு வேலை செய்பவர், பூக்கட்டி விற்பவர், தெருவைப் பெருக்குபவர் ஆகிய பெண்கள் காலை முதல் மாலை வரை இரண்டு குவளை நீரோடு நிறுத்திக் கொள்வதுண்டு. அவ்வாறிருக்க, பந்தலில் பத்துப் பானை நீர் வைத்தும் பயனில்லை. பூட்டப்படாத, தூய்மையான கழிப்பறை ஒன்று பந்தலுக்குப் பக்கத்தில் வேண்டும்.

யாருக்குத் திறந்த கதவு?

1924-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் தொடங்கிய வைக்கம் போராட்டத்தை அன்பர்கள் அறிவீர்கள். அப்போராட்டம் கருவறைக்குள் செல்வதற்காக நிகழ்ந்ததன்று. மகாதேவர் திருக்கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லா மக்களும் நடப்பதற்காக நிகழ்ந்தது. பொதுத்தெருவில் நடக்கும் உரிமை கேட்டுத் தந்தை பெரியார் உள்ளிட்ட பலர் சிறை சென்றனர். 1925 நவம்பரில் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்துவிடப்பட்டன. கிழக்குத் தெருவில் தடை நீடித்தது. 1936-இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானபின் அதுவும் நீங்கியது. மதுரையில் 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட சமூகத்தார் அருள்மிகு மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. தெருவின் நிழலும் குளத்தின் படியும் மண்டபத்தின் திண்ணையும் பொதுவானவை என்று சட்டத்தில் எழுதவே இத்தனை காலம் பிடித்தது.

இன்று அத்தகைய பலகைகள் இல்லை. பார்வைகள் இருக்கின்றன. அழுக்கு உடுப்போடு ஒரு மூட்டைதூக்கும் தொழிலாளி குளிரூட்டப்பட்ட வணிக வளாகத்துக்குள் நுழைந்தால் காவலர் என்ன செய்வார் என்பதை நாம் ஊகிக்கலாம். அங்கே குளிர்ச்சி பொருள் வாங்குபவருக்கு உரியது. கட்டணம் வைத்த பூங்கா, சீட்டு வாங்கியவருக்கு உரியது. காசும் காரணமும் கேட்காமல் ஒருவரை உட்காரவிடும் குளிர்ந்த இடங்கள் நகரில் மிகச் சிலவே: பொது நூலகம், இரயில் நிலையம், அரசு மருத்துவமனை வளாகம், வழிபாட்டிடங்கள். வழிபாட்டிடம் என்னும்போது திருக்கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடங்கும். தாகத்தோடு வருபவர் எந்த நெறியினர் என்று தண்ணீர்ப் பந்தலில் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆயினும் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தூய்மைப் பணியாளரை, "எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காரும்மா" என்று சொல்லும் குரல் முற்றிலும் ஓய்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. அக்குரல் ஒருமுறை கேட்டால் போதும்; அவர் மறுமுறை வரமாட்டார்.

அரசும் ஊரும்

2010 மே மாதம் அகமதாபாத் நகரில் வெப்பநிலை 46.8 டிகிரியை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிடச் சுமார் 1,300 பேர் அதிகமாக இறந்தனர். அந்தத் துயரத்தின் விளைவாக 2013-இல் அந்நகராட்சி ஒரு வெப்பத் தடுப்புச் செயல்திட்டத்தை வகுத்தது. தெற்காசியாவிலேயே இதுதான் முதலாவது. எச்சரிக்கை நாட்களில் கோயில்களையும் பொதுக் கட்டடங்களையும் வணிக வளாகங்களையும் குளிர்ச்சி மையங்களாகப் பயன்படுத்துவதும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதனால் வெப்ப அலையால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழி ஏற்பட்டது. இறந்தபின் வழங்கும் தொகையைவிட, இறவாமல் காக்கும் நிழல் மலிவானது.

திருக்கோயில்களுக்கு உபயம் செய்ய விரும்பும் அன்பர்கள் மின்விளக்கு, கடிகாரம், எவர்சில்வர் தடுப்பு ஆகியவற்றையே பெரிதும் நாடுகின்றனர். அவற்றில் பெயர் பொறிக்க இடம் இருப்பதும் ஒரு காரணமாகலாம். கோடை மூன்று மாதத்துக்கு நீர் வார்ப்பவர் ஒருவரின் ஊதியத்தை உபயமாக ஏற்கலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து கோபுர வாயில்வரை உள்ள தெருவில் நான்கு புங்கங்கன்றுகளை நட்டு, வேர் பிடிக்கும்வரை மூன்று கோடை நீர் ஊற்றும் பொறுப்பை ஏற்கலாம். கன்று நடுவதற்கு ஒரு நாள் போதும். மூன்று கோடை ஊற்றுவதற்கே ஆள் கிடைப்பது அரிது. பாதி வழியில் உட்கார ஒரு கல் இருக்கை இடலாம். தம் வீட்டுத் திண்ணையைக் கம்பி போட்டு அடைத்தவர்கள், பகல் நேரத்தில் மட்டும் அக்கதவைத் திறந்து வைக்கலாம்.

வெயிலில் நடந்து வந்த ஒருவர் மண்டபத்தில் மயங்கிச் சாய்ந்தால் கூட்டம் கூடாமல் காற்று வர வழிவிட வேண்டும். உடல் அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே 108 எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஊர்தி வரும்வரை காத்திராமல் உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் தெளித்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வைக்கலாம். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நினைவு தெளிவாக உள்ளவருக்கு உப்பிட்ட நீர்மோரோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தேறியபின் அவரை உடனே வெயிலுக்குள் அனுப்பாமல், பொழுது சாயும்வரை அங்கேயே அமர்த்தி வைக்க வேண்டும்.